சேவலின் ஆறு நிமிடங்கள்

பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச எல்லாருக்கும் மூன்று நிமிடம்தான். மேசைமேல் பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம். சிவப்பு எரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

பள்ளி மாணவி ஹெட்டி தன் முறைக்காகக் காத்திருந்தாள். மாலை பஸ்ஸை நிறுத்துவதா வேண்டாமா என்று இன்று வாக்கெடுப்பு. பனியில் ஊருக்கு வெளியே உள்ள மூன்று பண்ணைகளையும் சுற்றிப் பிள்ளைகளை இறக்கிவிடுவதற்குள் ஓட்டுநருக்கு நன்றாக இருட்டிவிடுகிறதாம். அந்த பஸ் நின்றுபோனால், பள்ளி முடிந்தபின் அவள் இசைக்குழுவில் டிராம்போன் என்ற பெரிய ஊதுகருவியை வாசிக்க முடியாது. அந்த நேரத்தில் அப்பா பால் கறந்துகொண்டிருப்பார். அழைத்துப்போக வேறு ஆளில்லை.

எதிரே ஐந்து நாற்காலிகள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊர் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரிய உறுப்பினர்களுக்கு உரியவை. நான்கில் ஆள் இருந்தது. ஐந்தாவது அம்மாவுடையது. இலையுதிர் காலத்தில் அம்மா இறந்ததிலிருந்து அது காலி.

"மாநில வாரியம் ஆயிரம் விதி போடட்டும். நம்ம ஊரு பஸ் எங்க நிக்கணும்னு இந்த அஞ்சு நாற்காலிதான் சொல்லணும்," என்று அம்மா சொல்வார்.

பக்கத்தில் மிஸ்டர் வோகல் வந்து அமர்ந்தார். பின்வரிசையில் யாரோ, "கொக்கரக்கோ!" என்றார்கள். ஒரே சிரிப்பு. பள்ளி மைதான விளக்கின் வெளிச்சம் தன் கோழிக்கூண்டுக்குள் அடிக்கிறது என்று மாதாமாதம் புகார் சொல்பவர் அவர்.

ஹெட்டி சிரிக்கவில்லை. "உங்க சேவல் இப்பவாவது தூங்குதா?"

"எங்க தூங்குது! ராத்திரி ஒன்பது மணிக்கு விடிஞ்சிடுச்சுன்னு கூவுது. காலையில எழுப்பினா முறைக்குது." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "இதைக் கேட்ட முதல் ஆளு நீதான் பாப்பா."

"ஹெட்டி, உன் முறை," என்றார் தலைவர் மிசஸ் பாயர்.

பச்சை எரிந்தது. முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் வழக்கம்.

"அம்மா இறந்தப்போ சாப்பாடு கொண்டுவந்த எல்லாருக்கும் நன்றி. மிசஸ் பாயர், உங்க சீஸ் உருளைக்கிழங்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. மிஸ்டர் லண்ட், உங்க நூடுல்ஸ்ல பட்டாணி இருந்துச்சு. அந்தப் பட்டாணியை மட்டும் அப்பா சாப்பிட்டாரு. பஸ் டிரைவருக்கும் நன்றி. என் டிராம்போனுக்கு முன்சீட்டு குடுப்பாரு…"

ஊரில் ஒருவர் விடாமல் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். அவளும் ஒருவர் விடாமல் நன்றி சொன்னாள்.

சிவப்பு.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை! ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்து மிஸ்டர் வோகல் எழுந்தார். "என் மூணு நிமிஷத்தை இந்தப் பாப்பாவுக்குக் குடுக்கறேன். குடுக்கலாம்ல?"

"தாராளமா," என்றார் மிசஸ் பாயர்.

"அப்போ சேவல்?" என்றது பின்வரிசை.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்!" என்றார் மிஸ்டர் வோகல்.

மறுபடி பச்சை. ஹெட்டி வேகமாகச் சொன்னாள்: "எங்க மாட்டுக்கொட்டில் மூணு பண்ணைக்கும் நடுவுல இருக்கு. பஸ் அங்க மட்டும் நின்னா போதும். எல்லாரும் வீட்டுலேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் உள்ள இருக்கலாம். மாடுங்க இருக்கறதால கதகதப்பா இருக்கும். அப்பாவும் அங்கதான் இருப்பாரு. சரிதானேப்பா?"

பால் கறந்து முடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த அப்பா இதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். "மாடுங்க ஒண்ணும் சொல்லாது," என்றார்.

பஸ் விவகாரம் வாக்கெடுப்புக்கு வந்ததும், "ஹெட்டி சொன்னபடியே பஸ் ஓடட்டும் என்று முன்மொழிகிறேன்," என்றார் வாரிய உறுப்பினர் மிஸ்டர் லண்ட். இன்னொருவர் வழிமொழிந்தார். நான்கு கைகளும் உயர்ந்தன.

ஹெட்டி மிஸ்டர் வோகலிடம் ஓடினாள்.

"எனக்கு நன்றி சொல்லாதே, தாயே! மூணு நிமிஷம் ஆகும்," என்றார் அவர்.

அவள் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு, இசைக்குழுவில் வாசித்துவிட்டு நேரே டிராம்போனுடன் வந்தாள்.

"ஹெட்டி, உன் முறை."

"என் மூணு நிமிஷத்தை மிஸ்டர் வோகலுக்குக் குடுக்கறேன்."

பின்வரிசையில் யாரும் கூவவில்லை. ஆறு நிமிடம் முழுக்க, சேவலுக்காகப் பச்சை விளக்கு எரிந்தது.