கரைந்துபோன முப்பது அடுக்குகள்

"எங்க அக்கா பொய் சொன்னாளா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் மேடம்."

உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த இளைஞன் இதைத்தான் கேட்டான். மேடம் பதறவில்லை. மருந்து ஆய்வாளராக இருந்து துப்பறிய வந்தவர். எதிரில் இருப்பவர் அழுது முடிக்கும்வரை காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. அவருடைய உதவியாளருக்கோ அது சுட்டுப்போட்டாலும் வராது. முந்திரிக்கொட்டை என்று அவளுக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. இரண்டு பாலிமர் கரைசல்களில் கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றி முக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை முப்பது அடுக்காக ஏற்றுவாள் அக்கா. உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் கிடந்தாலும் படலம் கரையாது என்று எழுதித்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். அவள் நோயில் படுத்ததும், அதையே தம்பியைச் செய்து பார்க்கச் சொன்னார் ஆய்வுக்கூடத் தலைவர். அவன் செய்த படலம் இரண்டே மணி நேரத்தில் கரைந்துபோனது.

"அக்கா எழுதினது தப்புன்னு நானே எழுதிக் குடுத்தேன். அப்புறம் அவளைப் பாக்கவே போகல. இருபது நாள்ல செத்தே போயிட்டா. அடுத்த வாரம் கமிட்டி கூடி பட்டத்தைப் பிடுங்கப் போறாங்க."

"அவங்க உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"'பொடிய எப்படிடா கரைச்சே? வந்து சொல்லு'ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. சாக்கு தேடுறாளேன்னு பதில் போடல."

அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அலமாரியில் இரண்டு புட்டிகள் இருந்தன: ஒன்று அக்கா கரைத்தது, மற்றது தம்பி கரைத்தது. ஒரே டப்பாவின் பாலிமர் பொடி, ஒரே எடை. மேடம் இரண்டையும் சாய்த்தார். அக்காவுடையது தேனாக இழுபட்டு இறங்கியது. தம்பியுடையது தண்ணீராக ஓடியது.

"யாரோ பொடிய மாத்திட்டாங்க மேடம்!" என்று குதித்த முந்திரிக்கொட்டை, கூட நின்ற தலைவரை முறைத்தாள். பாவம், அவர் திருதிருவென்று விழித்தார்.

மேடம் புட்டிகளின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் புட்டியில் கீழ்ப்பாதி எழுத்து மட்டும் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கலைந்திருந்தது. அக்காவின் புட்டியில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. பிறகு மூலைக்குப் போய், கண்ணாடிச் சாமான் கழுவும் சோனிகேட்டரைத் திறந்தார். காதுக்குக் கேட்காத ஒலியால் அழுக்கை உலுக்கி எடுக்கும் சின்னத் தொட்டி அது. அதிலிருந்த தண்ணீரின் ஆழத்தை விரலால் அளந்துகொண்டார்.

"அக்காவோட நோட்டுல போட்டிருக்கிற மாதிரியே, அதே பொடிய மூணு நாள் மெதுவாக் கலக்கிப் படலம் போடுங்க. ஆறாம் நாள் வர்றேன்," என்று தலைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆறாம் நாள் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவே, இரண்டு நாளாக உப்புத் தண்ணீரில் கிடந்த புதுப் படலம் கொஞ்சமும் கரையாமல் இருந்தது.

"யாரும் எதையும் மாத்தல," என்றார் மேடம். "புட்டி தண்ணியில நின்னிருக்கு. லேபிள் கலைஞ்ச உயரமும் அந்தத் தொட்டித் தண்ணியோட உயரமும் ஒண்ணு. பொடி கட்டி கட்டியா நின்னிருக்கும். சீக்கிரம் கரையட்டும்னு அதுல வச்சீங்க. சரிதானே தம்பி?"

"ஆமா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வச்சேன். நான் கருவியில படலத்தை அளக்குற ஆளு மேடம், கரைசல் கலக்கிப் பழக்கமில்ல. மூணு நாள் எதுக்கு வீணாக்கணும்னு..."

"அட பாவி! அது சங்கிலிய நறுக்கிடுமேடா!" தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "பாலிமர்னா நீளமான சங்கிலி. நீளமா இருந்தா பக்கத்து அடுக்கை நூறு இடத்துல பிடிச்சிருக்கும். உப்பு பத்துப் பிடியை விடுவிச்சாலும் தொண்ணூறு தாங்கும். துண்டு துண்டாயிட்டா ஒவ்வொண்ணுக்கும் நாலே பிடி. அது கழண்டு போறப்போ கூட இருக்கிறதையும் இழுத்துட்டுப் போயிடும். உங்க அக்கா பொய் சொல்லல."

அவன் அந்தப் புதுப் படலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "என் தப்புதான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மேடம் இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று முந்திரிக்கொட்டைக்கு இருந்தது.

"தெரிஞ்சுதான் 'எப்படிக் கரைச்சே'ன்னு கேட்டிருக்காங்க," என்றார் மேடம்.

தலைவர் மெல்ல வாய் திறந்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு போன் பண்ணினா. 'ஒரு மாசம் பொறுங்க சார், என் தம்பியே மறுபடியும் செஞ்சு காட்டுவான்'னா. என்ன தப்பு நடந்துச்சுன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல. உன் வேலைக்கு ஆபத்து வந்துடும்னு நினைச்சிருப்பா."

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன் சார். கூனிக்குறுகிப் படுத்திருப்பாளே, அதை எப்படிப் பாக்குறதுன்னு திரும்பி வந்துட்டேன்."

தலைவர் அவன் தோளைத் தொட்டார். "கமிட்டிக்கு நான் எழுதுறேன். அவ பட்டத்தை யாரும் தொட முடியாது."

"சரி சார்," என்றான் அவன். "அவகிட்ட யாரு சார் போய்ச் சொல்றது?"

அவன் மேசையில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதான்.