கோடு நின்ற இடம்

ஒருவரும் பார்த்திராத நாடகங்களுக்குக் கீழே, பார்த்ததற்கு அடையாளமான நீலக் கோடு விழுந்திருந்தது.

உதயகலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். டிஷ் பெட்டியின் வழக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பதிந்து வைத்த ஒன்றை எவ்வளவு தூரம் பார்த்தோமோ, அவ்வளவுக்கு அதன் பெயருக்கு அடியில் நீலக் கோடு ஓடும். பார்க்காததற்குக் கோடே இராது. திரையில் வரிசையாக நின்றவை இருபத்திரண்டு. ஒரே தொடரின் இருபத்திரண்டு நாட்கள். கடந்த ஒரு மாதமாகப் பெட்டி தன்பாட்டில் பதிந்து வைத்தவை. அந்த ஒரு மாதமும் இந்த வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. செத்தவீட்டுத் துடக்கு. உடலை எடுத்த அன்றே வெள்ளை வேட்டி ஒன்றால் திரையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டவர் அவளுடைய கணவர் நமசிவாயம். நேற்றுத்தான் கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. இன்று விடியவே அவர் கிளிநொச்சிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். இனிச் சனிக்கிழமைதான் வருவார். அந்த முடிச்சு அப்படியே இருந்தது. சற்று முன், பிற்பகல் நாலு மணிக்கு, அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தவள் அவள்தான்.

வெளியே கார்த்திகை மழை, நின்று நிதானமாக, அவசரமில்லாத மழை. யன்னல்களெல்லாம் சாத்தியிருந்ததால் வீட்டுக்குள் ஒரு மாதத்துச் சாம்பிராணியும், ஈரத் துணியும், உடலுக்குத் தெளித்து, எத்தனை முறை கழுவியும் போகாத ஓடிக்கொலோன் வாசமும் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் படிந்தன. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் கூரையோரத் தகரப் பீலியில் விழுந்து, பீலியிலிருந்து வாளியில் விழுந்து, வாளி நிறைந்து முற்றத்தில் ஓடும் சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம் இருக்கிறதா என்று அவளுடைய காது தானாகவே தேடியது. ஒரு மாதமாக அப்படித்தான் தேடுகிறது.

டிஷ் பூட்டித்தந்த செபநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மானிப்பாய்ச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றவர், கரண்ட் போய்வந்ததோ, மின்னல் அடித்ததோ என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றாள்.

"அக்கா, பெட்டி தன்ரை பாட்டிலை பதியும். தன்ரை பாட்டிலை பாக்காது. ரிமோட்டை ஆரும் அமத்தினால்தான் கோடு விழும். வந்த போன சின்னனுகள் நோண்டியிருக்குங்கள். இல்லாட்டி உங்கடை மச்சாள் வந்து பாத்திட்டுப் போயிருப்பா."

சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடியுமுன்னரே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மச்சாள் என்றது குணலட்சுமியை. நமசிவாயத்தின் மூத்த அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்ப்பதற்காகவே கலியாணம் வேண்டாமென்று இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போனது. வலக்கை மட்டும் மிச்சம். அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சில்வர் பேணியும் கரண்டியும் எப்போதும் இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் கரண்டியால் பேணியில் தட்டுவார். மூன்று தட்டு. டக், டக், டக்.

கட்டிலில் படுத்தபடியே கூடத்துத் தொலைக்காட்சி தெரியும்படி அறைக் கதவை அகலத் திறந்து வைத்திருப்பார்கள். இரவு ஒளிபரப்பாகும் நாடகம் பதிவாகும். மறுநாள் பிற்பகல் நாலு மணிக்கு, சமையல் ஒதுக்கியபின், உதயகலா கூடத்துச் செற்றியில் சாய்ந்தும் மச்சாள் கட்டிலில் படுத்துமாகப் பார்ப்பார்கள். கதாநாயகியை ஆற்றில் தள்ளிவிட்டால் உதயகலா கண்ணைத் துடைப்பாள். மச்சாள் குழறிய வாயால் சொல்வார், "உவள் சாகமாட்டாள். உவளுக்குத்தானே சம்பளம் கூட." மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு ஓட்டோவில் ஏற்றும்போது உதயகலா வாசலில் நின்று, "போயிட்டு வாங்கோ மச்சாள், நாடகம் பதிஞ்சு வைக்கிறன்" என்பாள். வாய்ப்பழக்கம்.

அந்த வாய்ப்பழக்கம்தான், உடலை எடுத்த அன்றும் வந்துவிட்டது. செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று யாரும் சொல்வதில்லை. வந்தவர்கள் சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். உதயகலாவுக்குத் தெரியாததா? ஆனாலும் பாடை வாசலைத் தாண்டியபோது, சனம் முழுவதும் தன்னையே பார்ப்பதுபோல் ஒரு பயம் வந்து, உரத்த குரலில் சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாங்கோ மச்சாள். எல்லாம் பதிஞ்சு வைக்கிறன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். பக்கத்து வளவு ஞானாம்பிகை அவள் முழங்கையைக் கிள்ளி, பிணத்தைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது பிள்ளை என்று காதுக்குள் சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

உதயகலா பட்டியலைக் கீழே இறக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. இப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இருபத்திரண்டு கோடுகளும் ஒரே நீளம். அளவுகோல் வைத்து வெட்டியதுபோல. ஒன்றைத் திறந்து பார்த்தாள். நின்ற இடம், பதினாலு நிமிடம் இருபது விநாடி. இன்னொன்றைத் திறந்தாள். பதினாலு, இருபது. மூன்றாவதைத் திறக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த எண்ணை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

மச்சாள் செத்த அன்று பிற்பகல். நாடகத்தில் கலியாண மண்டபம். தாலி ஏறப்போகும் நேரம். அறைக்குள் டக், டக், டக் என்று கேட்டது. கேட்டது, ஐயோ, நன்றாகவே கேட்டது. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ரிமோட்டை அமத்திப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடத்தில் பதினாலு இருபது போயிருந்தது. எட்டு நிமிடம்தானே, முடியட்டும் என்று நினைத்தாள். ஒரு விரலால் அமத்தி நிப்பாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பதிந்த நாடகம் எங்கே ஓடிவிடப் போகிறது? அவள் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினாள். தட்டல் கொஞ்ச நேரம் வேகமாக வந்தது. பிறகு ஒழுங்கில்லாமல் வந்தது. பிறகு வரவில்லை. நாடகம் முடிந்து போய்ப் பார்க்கையில் பேணி கவிழ்ந்து கிடந்தது. மச்சாளின் கண்கள் திறந்திருந்தன. கதவுப் பக்கம். கூடத்துப் பக்கம். செற்றிப் பக்கம்.

நான் கண்ணயர்ந்துபோனேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். நமசிவாயம் அதை நம்பி, அவளுடைய தலையைத் தடவி, மூன்று வருடம் நீர் பார்த்த பார்வைக்கு ஒரு நாள் நித்திரை குற்றமில்லை என்றார். அந்தக் கை இன்னும் தலையில் இருப்பதுபோலவே இருந்தது. அதை எடுத்துவிட்டால் அவளுக்கு வேறொன்றும் இல்லை.

பெட்டி பழுதாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றை முழுதாக ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசி நாளைப் போட்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள். பாட்டு ஓடியது. விளம்பரம் ஓடியது. மாமியாரும் மருமகளும் படியில் நின்று முறைத்தார்கள். எட்டு நிமிடம். பத்து. மழை கொஞ்சம் ஓய்ந்தது. பன்னிரண்டு. ஓடிக்கொலோன் வாசம் கூடியது. பதின்மூன்று. அவள் ரிமோட்டைச் செற்றிக்குப் பக்கத்தில், யன்னல் குந்தின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

பதினாலு இருபது.

படம் நின்றது. மருமகளின் வாய் பாதி திறந்தபடி.

வீடு முழுவதும் அமைதி. அந்த அமைதிக்குள், ஒரு மாதமாகக் காது தேடிய அது.

டக். டக். டக்.

அறைக்குள்ளிருந்து. கட்டில் இல்லாத அறை. மெத்தையை எரித்தாயிற்று. உயிர் போன இடத்தில் முப்பத்தொரு நாளும் விளக்கும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நேற்று அதையும் எடுத்தாயிற்று. தண்ணீர் வைக்காத முதல் நாள் இன்று.

போகலாம். எழும்பிப் போகலாம். படத்தை நிப்பாட்டித் தந்திருப்பதே அதற்காகத்தான் என்பதுபோல அவளுக்குப் பட்டது. கால்கள் எழவில்லை. கை மட்டும் நீண்டு, குந்திலிருந்த ரிமோட்டை எடுத்து ஓடவிட்டது. மருமகளின் வாய் மூடியது, மறுபடி நின்றது. டக். டக். டக். அவள் சத்தத்தைக் கூட்டினாள். நின்ற படத்துக்கு ஏது சத்தம்? பச்சைப் புள்ளிகள் மட்டும் ஏறின. ஒன்று. இரண்டு.

தொலைபேசி அடித்தது. நமசிவாயம்.

சாப்பிட்டீரா என்று கேட்டார். மழையா என்று கேட்டார்.

"உதயா, ஒண்டு கேக்கட்டே. நேற்றையிலை இருந்து மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. அண்டைக்கு அக்கா தண்ணிக்குத் தட்டினவவோ?"

டக். டக். டக்.

சொல்லிவிடலாம். ஓம், தட்டினவா, எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. தலையில் இருந்த கை கனத்தது.

"எனக்குக் கேக்கேல்லையப்பா. நான் நித்திரை."

"ம்." அவர் மூச்சு விட்டார். "அதென்ன அங்கை தட்டுற சத்தம்?"

"மழை."

தொலைபேசியை வைத்தாள். தட்டல் வேகமாக வந்தது. பிறகு ஒழுங்கில்லாமல். பிறகு இல்லை.

அன்றைக்குப் போலவே. அதே வரிசையில்.

அப்போதுதான் எழுந்து ஓடினாள், பாவம். குசினியில், மா வைக்கும் தகரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பேணியை எடுத்தாள். உள்ளே கிடந்த கரண்டியின் பிடி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் விட்டதுபோல. குடத்திலிருந்து வார்த்தாள். தண்ணீர் சிந்தச் சிந்த அறைக்குள் போனாள். வெறும் நிலம். விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை. "மச்சாள், இந்தாங்கோ. கொண்டு வந்திட்டன்." குனிந்து அந்தக் கறையின்மேல் பேணியை வைத்தாள்.

நிமிர முடியவில்லை.

இடக்கால் இல்லை. இடக்கை இல்லை. இருந்தன, அவளுடையவையாக இல்லை. சுவரோடு சரிந்தாள். கன்னம் நிலத்தில். பேணி கவிழ்ந்து, தண்ணீர் காதோரமாக ஓடியது. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. தொண்டை காய்ந்து போயிற்று. இவ்வளவு தாகமா? இப்படியா இருந்தது?

கூடத்தில் நாடகம் மறுபடி ஓடத் தொடங்கியது.

முகம் கதவுப் பக்கம். கதவு அகலத் திறந்திருந்தது. தொலைக்காட்சி தெரிந்தது. செற்றி தெரிந்தது. செற்றியில், அவள் இப்போது போட்டிருக்கும் அதே மண்ணிறச் சோட்டிச் சட்டையோடு, அதே கண்ணாடியோடு, கால்களை மடித்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள்.

வலக்கை கரண்டியைத் தேடிப் பிடித்தது.

டக். டக். டக்.

செற்றியில் இருந்தவளின் தலை இலேசாகத் திரும்பியது. கேட்டுவிட்டது. நன்றாகவே கேட்டுவிட்டது. அவள் ரிமோட்டை எடுத்து, இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று ஒருமுறை பார்த்தாள்.

பிறகு சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினாள்.