ஆறட்டும் என்றாள் சரோன்

"ஐயோ! என்னங்க பண்ணிட்டீங்க!"

சரோன் போட்ட சத்தத்தில் றிஸாத்தின் கையிலிருந்த வாளி ஆடியது. யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் ஃபாக்டரி. அங்கே பரிசோதனை அறை அவள் பொறுப்பு. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. மாவனல்லையிலிருந்து பிளாஸ்டிக் மூட்டை இறக்க வந்தவன், பரிசோதனை அறையில் புகைந்த தகட்டின்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டான்!

"பொக எழும்பிச்சி மிஸ்... பத்தப் போவுதுண்டு நெனச்சிட்டன்."

"ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிக் கலந்ததுங்க! அது தானா ஆறணும்..."

முறைத்தாள். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் நனைந்த இமைக்குள் எவ்வளவு பயம்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த லோடோடு வந்தவனை, இரண்டு தகட்டுத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்க்கவிட்டாள்.

"இது மெதுவா ஆறுனது. ரெண்டும் வெலகித் திட்டுத் திட்டாப் போச்சு பாருங்க. பெறகு பிளாஸ்டிக், தன் திட்டுக்குள்ளயே பெரிய பளிங்கா இறுகிருச்சு. வளைச்சா ஓரத்துல வெடிக்கும். இது நீங்க தண்ணி ஊத்துனது... பெருசா வெலக நேரமே கெடைக்கல. பொடிப் பொடிப் பளிங்கு. கலந்தபடியே நிக்குது."

"அப்ப நான் கெடுக்கல்ல?"

"கெடுக்கல..." என்றாள். ஏனோ முகம் சூடாயிற்று.

அப்புறம் லோடு வரும் நாளெல்லாம் அவளுக்குத் திருநாள்தான். விஷயம் இரண்டு வீட்டுக்கும் எட்டியது. அவளுடைய அப்பா இராயப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளினார். அவனுடைய வாப்பா, "தோட்டத்துப் புள்ளையா?" என்றாராம். தோட்டக் கூலிச் சனம்தானே என்ற இளப்பம் ஒளிந்த அந்த ஒரு சொல் சரோனைச் சுட்டுவிட்டது.

"இண்டைக்கே பேசி முடிப்பமே, மிஸ்..." என்று றிஸாத் கெஞ்சினான்.

"வேணாங்க. அவங்க சூடு ஆறட்டும். அதுவரைக்கும் நாம பாக்க வேணாம்."

"ஹரி" என்று சிங்களத்தில் சம்மதம் மட்டும் சொன்னான். மூட்டை இறக்க வேறு ஆள் வந்தான்.

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவள், தன் விஷயத்தில் கோட்டைவிட்டாள், பாவி! சூடு ஆறத்தான் செய்தது. ஆற ஆற, அவன் வீட்டார் தங்கள் சனத்தில் பெண் பார்த்தார்கள். இவள் வீட்டார் மாதா கோயில் சபையில் மாப்பிள்ளை தேடினார்கள். சண்டையே இல்லை.

வருஷம் ஒன்று கழித்து அவனே வந்தான்.

"வெள்ளிக்கிழம எனக்கு நிக்காஹ், மிஸ். ஒண்டு கேக்கட்டா? என்னெப் புடிச்சிருந்திச்சா?"

"புடிச்சிருந்துச்சு... இப்பவும் புடிச்சிருக்கு. நீங்க திரும்ப வருவீங்கன்னு தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன்..."

"நீங்கதானே பாக்க வேணாண்டீங்க..." அவன் குரல் உடைந்தது. "ஃபாக்டரி கேட்டுக்குப் பக்கத்துல எத்தினி நாள் வந்து நிண்டன் தெரியுமா? நீங்க சொன்ன சொல்ல மீறக் கூடாதுண்டு உள்ளுக்கு வரல்ல."