ஏழாவது கண்

காலை ஏழு மணிக்குக் கொள்ளிடப் பாலம் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் உடல்நிலையைச் சொல்லத் தொடங்கியது.

"ஒன்பது கண்ணும் சௌக்கியம்மா. குறை ஒண்ணும் இல்லை."

2065-இல் பேசாத பாலம் ஏது? வார்ப்புக்கூடத்தில் துண்டு துண்டாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து கோக்கும் பாலங்கள் இவை. வார்க்கும்போதே உணர்நரம்புகளையும் உள்ளே பதித்துவிடுவார்கள். எங்கே விரிசல், எங்கே துரு என்று நரம்பு அறியும். நலங்கூறி என்ற கருவி அதை வாய்விட்டுச் சொல்லும்.

பாலப் பொறியாளர் தையல்நாயகிக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வயதான இந்தப் பாலத்தின் மேல் அவளுக்குத் தனிப் பாசம். தூணுக்கும் தூணுக்கும் இடையே ஒரு கண். அன்று தூக்குக்கூடையில் ஏழாவது கண்ணுக்கு அடியில் இறங்கியவள், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கசிவைக் கண்டாள். சுத்தியலால் தட்டினாள். கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் பொத்பொத்தென்றது. உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருந்தது.

"தட்டினேனே, வலிக்கலையா உனக்கு?"

பாலத்தின் குரல் தணிந்தது.

"வலிக்குதும்மா. மூணு வருஷமா."

மேலே எட்டரை மணிப் பேருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அனுமதி கேட்க நேரமில்லை. கைத்திரையைத் தட்டி இருபுறமும் தடுப்பை இறக்கிவிட்டு, கூடையை மேலே ஏற்றிக்கொண்டு சாலைக்கு ஓடினாள்.

"பாலமே நல்லா இருக்கேன்னு சொல்லுது. உங்களுக்கு என்னம்மா வந்துச்சு?" என்றார் முதல் பேருந்தின் ஓட்டுநர்.

"அது சொல்லும்," என்றாள். தடுப்பை விட்டு நகரவில்லை.

பதினெட்டு நாள் வைத்தியம். முட்டுக் கொடுத்து, உப்பேறிய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தபோது, நாலு கம்பியில் மூன்று இற்றுப் போயிருந்தன. புதுக்கம்பி சேர்த்து, கலவை செலுத்தி, கார்பன் இழைப் பட்டையால் சுற்றிக் கட்டினார்கள். திறந்த அன்று முதல் பேருந்து கடக்கும்போது தையல்நாயகி அடியில் தூணில் கைவைத்து நின்றாள். அதிர்வு சீராக வந்து அடங்கியது.

பிறகுதான் கேட்டாள். "ஏன் மறைச்ச? பொய் சொல்ல உனக்கு யாரும் கத்துக் குடுக்கலையே."

"பொய்யாம்மா அது?" பாலம் உண்மையாகவே குழம்பியது. "அறிக்கை சொல்லப் பழக்கும்போது, மனுஷங்க கைப்பட எழுதின பாலப் பதிவேடுங்களத்தான் படிக்கக் குடுத்தாங்க. எந்தப் பாலத்துக்கும் கடைசி வரி 'நேரில் பார்வையிட்டேன், நிலைமை திருப்தி'ன்னுதான் இருந்துச்சு. இடிஞ்சு விழுந்த பாலத்துக்குக்கூட முந்தின வாரம் அப்படித்தான். வலிச்சாலும் அப்படித்தான் சொல்லணும் போலன்னு நினைச்சேன்."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. "எந்த மகராசன் எழுதினான்? ஒரு பக்கம் காட்டு."

கைத்திரையில் பக்கம் விரிந்தது. 2032, ஐப்பசி அடைமழை, வேறோர் ஊர்ப் பாலம். அன்று ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. கீழே அவளுடைய கையெழுத்து.

"இந்தப் பக்கத்துலதாம்மா நான் முதல்முதல்ல எழுத்துக் கூட்டினேன்," என்றது பாலம் வாஞ்சையோடு. "எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க."