லூர்துவுக்குக் கட்டிய கார்க் ஜாக்கெட்

இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் கிடந்த கார்க் ஜாக்கெட், தண்ணீரில் ஆளை மிதக்கவைக்கிற ஜாக்கெட், எப்படி ஈரமாக இருக்கும்? சாக்குப்பையிலிருந்து உருவியபோது கஸ்பாரின் உள்ளங்கையில் சில்லென்று ஒட்டியது. அதே பையில் கிடந்த மற்ற இரண்டும் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தன. பஸ்ஸில் எவள் கூடைத் தண்ணியோ வடிந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை எட்டு வயது மகள் லூர்துவின் தலைவழியாக மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று நாடாக்களையும் இழுத்து, ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சுப் போட்டான்.

படகை ஓட்ட வந்தவன் மச்சான் சிலுவைமுத்து, பெண்டாட்டி பிலோமியின் தம்பி. மீன் பிடிக்கிறவன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா மாமா, எண்ணூர் கழியில இடுப்பளவு தண்ணிக்கு இத்தினி ஆர்ப்பாட்டமா? நம்ம தெருவுல எவனாச்சும் சொக்கா மாட்டிகினு கடலுக்குப் போயிகீறானா?"

"உன் வேலையப் பாருடா. நீ நீந்துவே, எம்பொண்ணு நீந்துவாளா?" என்றான் கஸ்பார். பெண்டாட்டி பக்கம் திரும்பி, "கரை வர்ற வரைக்கும் இத அவுக்கக் கூடாது. செத்தாலும் அவுக்கக் கூடாது" என்றான்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வாயப் பாரு!" என்று பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. துறைமுக லாஞ்ச்சில், அந்த மோட்டார் படகில், பதினோரு வருஷமாக லாஸ்கர் என்கிற படகாள் வேலை. தண்ணீரில் ஊறி உப்பிய உடம்புகளைக் கொக்கி போட்டு இழுத்த கை அது. ராயபுரத்து வீட்டில் பிள்ளை வாளிக்குள் குனிந்தால்கூட ஓடிப்போய்ப் பிடித்து இழுத்துவிடுவான். படகுச் சவாரி போகணும் என்று லூர்து ஆறு மாசமாக நச்சரித்ததற்கு, ஜாக்கெட் இல்லாமல் கூட்டிப்போக மாட்டேன் என்று ஆறு மாசமாகச் சொன்னவனும் அவன்தான். பெரியவை இரண்டைத் துறைமுக ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் லியாகத் அலியிடம் கேட்டு வாங்கிவிட்டான். பிள்ளை அளவில் ஸ்டோரில் ஒன்றும் இல்லை. வேறோர் இடத்தில் இருந்தது.

படகு நகர்ந்தது. வெயில் சாய்ந்த நேரம். ஒரு பக்கம் கரண்டு கம்பெனிப் புகைபோக்கி சாம்பல் நிறத்தில் மூச்சுவிட, மறுபக்கம் உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச, நடுவே எண்ணெய்ப் படலம் மினுங்கும் தண்ணீர் துடுப்புக்கு ஒரு தரம் சளக்கென்று வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கரையில் யாரோ கருவாடு காயவைத்த வாடை. பிலோமி புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். லூர்து வாங்கிக்கொள்ளவில்லை.

"நைனா, இறுக்குது."

"இறுக்கத்தான் செய்யும் கண்ணு. அதான் பத்திரம்."

சொல்லிவிட்டு அவள் காலடியைப் பார்த்தான். பலகையில் ஒரு கையளவு தண்ணீர் தேங்கியிருந்தது. ஜாக்கெட்டின் ஓரத்திலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. துடுப்பு ஒரு துளியும் தெறிக்கவில்லை. வாடையும் கருவாடு இல்லை. அந்த வாடை அவனுக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் துறைமுகத்துக்கு வெளியே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. பெரியவர்கள் கிடைத்தார்கள், ஒரு பிள்ளை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையின் ஜாக்கெட்டை மட்டும் கஸ்பார்தான் கொக்கியில் இழுத்தான். மூன்று நாடாவும் கட்டினது கட்டினபடி, முடிச்சு அவிழாமல், உள்ளே ஆள் இல்லாமல் மிதந்து வந்தது. பிணத்தோடு வந்த ஜாக்கெட்டை நாடா அறுத்து எரித்துவிடுவது லாஞ்ச்சுக்காரர்கள் வழக்கம். இது வெறுமனேதானே வந்தது, எதற்கு எரிக்கணும் என்று இவன் வாதாடினான். "வெறுமனே வந்ததுதாம்பா மோசம், கொளுத்திப் போடு" என்றார் மூத்த லாஸ்கர் தமீம். தலையை ஆட்டிவிட்டு, ஓரமாக ஒளித்து வைத்தான். நல்ல கார்க், அளவான சைஸ். அட பாவி மனுஷா! பிள்ளை பத்திரம் பத்திரம் என்று உருகியவன் செய்த காரியம் இது. பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை.

"நைனா, ரொம்ப இறுக்குது." குரல் பாதியாகிவிட்டிருந்தது.

கஸ்பார் தவழ்ந்து போய் முடிச்சில் விரல் வைத்தான். அவன் போட்டது இரட்டை முடிச்சு. இது இரட்டை இல்லை. தட்டையாக, சின்னதாக, உப்பேறிக் கல்லாகிப்போன முடிச்சு. ஐப்பசியில் அவனே நகம் பேர அவிழ்த்த முடிச்சு.

"மாமா." சிலுவைமுத்து இப்போது சிரிக்கவில்லை. "படகு கனமா கீது. ஆள் கூட ஏறின மாரி கீது."

துடுப்பு போட்டான். நகரவில்லை. காற்று இல்லை. பறவை இல்லை. புகைகூட நின்ற இடத்தில் நின்றது.

"கத்தியக் குடுடா!"

பிலோமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாய்யா? தண்ணி மேல அவுக்காதேன்னு நீதானே சொன்னே! புள்ள உள்ள வுழுந்துட்டா?"

"வுடுடி! இது வேற புள்ளையோட..."

உதறினான். படகு ஆடியது. மச்சான் நீட்டிய கத்தியை வாங்க ஒரே ஒரு கணம் முதுகைத் திருப்பினான்.

திரும்பிப் பார்த்தான்.

லூர்து இல்லை.

தண்ணீரில் விழுந்த சத்தம் இல்லை. ஒரு வட்டம்கூட இல்லை. பலகைமேல் ஜாக்கெட் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாடா. மூன்று முடிச்சு. அவிழவில்லை.

பிலோமியின் அலறல் உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பியது. சிலுவைமுத்து குதித்தான். கால் தரையில் ஊன்றியது. இடுப்பளவு தண்ணீர். நின்றபடியே கையால் துழாவினான். படகைச் சுற்றித் துழாவினான். சேறு. வெறும் சேறு.

"மாதாவே! எம்புள்ள!"

கஸ்பார் கத்தியோடு ஜாக்கெட்டுக்கு முன்னால் மண்டியிட்டான். நாடாவுக்கு அடியில் கத்திமுனையை நுழைத்தான். நுழைத்தவன் நின்றான்.

வெறும் ஜாக்கெட் மூச்சு வாங்கியது. ஏறியது. இறங்கியது. கழுத்துத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே பலகை தெரியவில்லை. கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. ஆழம் தெரியவில்லை.

அதன் அடியிலிருந்து, தொலைவாக, பழக்கமான குரல் வந்தது.

"நைனா, நான் அவுக்கல. இன்னும் கரை வரலியா?"

அவன் கண்ணெதிரே, யாரும் தொடாமல், நடு முடிச்சு இன்னொரு சுற்று இறுகியது.