அப்பா உயிரோடு இருக்கிறார்

மத்தியானம் மூன்று மணிக்கு வெயிலுமுத்து இறந்துபோனார். காகிதத்தில்தான். ஆனாலும் அவருடைய சின்ன மகள் பூமாரிக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு காலேஜ் ஆபீஸ் வாசல். நீளமான கியூ. அதில் பூமாரியும் அவள் அக்கா சொர்ணமும் நின்றிருந்தார்கள். தாராவியில் அவர்கள் இருந்த சந்திலிருந்து காலேஜில் சேர வந்த முதல் பெண் சொர்ணம்.

சயன்ஸ் வகுப்புக்கு விண்ணப்பம் மட்டும் போதாதாம். ‘நீ யார்? ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய்?’ என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

அந்த ஒரு பக்கம் சொர்ணத்தின் கையில் தயாராக இருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் டைப் அடிக்கும் சந்திரமௌலி அடித்துக் கொடுத்தது. கசங்கிவிடுமோ என்று பயந்து அவள் உறையைப் பிரிக்கவே இல்லை.

முன்னால் நின்ற பெண்ணும் சந்திரமௌலியிடம்தான் டைப் அடித்திருந்தாள். அவள் காகிதம் காற்றில் பறந்தது. பூமாரி ஓடிப்போய்ப் பிடித்தாள். அதில் ‘ஃபாதர்’ என்பதை அடுத்து இருந்தது அவளுக்குத் தெரிந்த வார்த்தை. ‘எக்ஸ்பயர்டு.’ போன மாதம் சித்தப்பாவின் ரயில் பாஸைப் பார்த்து டிக்கெட் செக்கர் கத்திய வார்த்தை அது.

“அக்கா, உன்னோடதைக் காட்டு!”

பூமாரியே உறையைப் பிரித்தாள். அதே வரி. அதே இடத்தில் அதே வார்த்தை.

“அக்கா, நம்ம அப்பாவுக்குத் தேதி முடிஞ்சு போச்சாம்!”

“என்னட்டி உளறுத?” என்று வாங்கிப் படித்த சொர்ணத்தின் முகம் வெளுத்தது. “ஐயோ! அப்பா செத்துப்போயிட்டாவன்னு எழுதியிருக்காரு!”

கடிகாரம் மூன்று பத்து காட்டியது. கியூவில் இடம் போனால் போகட்டும் என்று இருவரும் ஓடினார்கள்.

சந்திரமௌலி டைப்ரைட்டரை மூடிக்கொண்டிருந்தார்.

“மாமா, எங்க அப்பாவை ஏன் கொன்னிய?” என்றாள் பூமாரி மூச்சிரைக்க.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “கொழந்தே, அது ராசியான லெட்டர். எழுபது பேருக்கு அடிச்சுக் கொடுத்திருக்கேன்.”

“எழுபது பேருக்கும் அப்பா இல்லியா?”

சந்திரமௌலி டைப்ரைட்டர் மூடியை மறுபடி திறந்தார். “ஒரு பரிதாபம் இருக்கட்டுமேன்னு...”

“எங்க அப்பா காலைல ஆறு இட்லி தின்னுட்டுத்தான் வேலைக்குப் போனாவ!”

“சரி, சரி.” அவர் புதுக் காகிதத்தைச் சுருட்டி ஏற்றினார். “உன்னைப் பத்திச் சொல்லும்மா. அடிக்கறேன்.”

சொர்ணம் பழைய காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து, நின்று, போனது.

“என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?” என்றாள் கடைசியில். கண்ணில் நீர் திரண்டது. “வா பூமாரி, வீட்டுக்குப் போவோம்.”

மூன்று முப்பது.

பூமாரி நகரவில்லை. அக்காவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லையா? வீட்டில் அம்மா அக்காவைத் திட்டுவதெல்லாம் எதற்காக?

“ஊறுகாய் பாட்டில்!” என்று கத்தினாள்.

“ஏட்டி, சும்மா கெட!” சொர்ணம் அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். “அப்பா தோல் பதப்படுத்துற ஷாப் கதையெல்லாம் காலேஜ்ல சொன்னா மூக்கைப் பிடிச்சுக்கிடுவாங்க!”

“பிடிக்கட்டும்!” பூமாரி குனிந்து தப்பித்து டைப்ரைட்டரின் மறுபக்கம் போய் நின்றாள். “மாமா, எங்க அப்பா ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணில ஊறப் போடுவாவ. முடி உதிர்ந்துரும், தோல் அப்படியே இருக்கும். அது ஏன்னு அக்கா கேட்டா. ‘அது சுண்ணாம்போட குணம்’னு சொல்லிட்டாவ அப்பா. டீச்சர்கிட்ட கேட்டா, ‘அது பாடத்துல இல்ல’ன்னுட்டாங்க.”

“அப்புறம்?” சந்திரமௌலியின் விரல்கள் அசையத் தொடங்கின. டக், டக், டக்.

“அம்மாவோட ஊறுகாய் பாட்டில் ரெண்டை எடுத்தா. ரெண்டுலயும் ஒரே தோல்துண்டு. ஒண்ணுல சுண்ணாம்புத் தண்ணி, ஒண்ணுல வெறும் தண்ணி. பரண்ல ஒளிச்சு வச்சா. வெறும் தண்ணி பாட்டில் நாறி, சந்தே கூடிருச்சு!”

“அது மூணாம் நாள் இல்லட்டி,” என்றாள் சொர்ணம் தன்னை அறியாமல். “ரெண்டாம் நாளே நாறிருச்சு. சுண்ணாம்புல போட்டது நாறவே இல்ல. நாலாம் நாள் முடி கையோட வந்துச்சு. தினமும் நோட்டுல எழுதி வச்சேன் சார்.”

“நான் மூணாம் நாள்னு சொல்லவே இல்லியே!” என்றாள் பூமாரி.

யாரும் கவனிக்கவில்லை. இப்போது சொர்ணம்தான் பேசிக்கொண்டிருந்தாள். டைப்ரைட்டர் அவள் பின்னாலேயே ஓடிவந்தது.

“கடைசி வரி?” என்றார் சந்திரமௌலி.

“ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. அது தெரியணும்னுதான் கெமிஸ்ட்ரி படிக்க வந்திருக்கேன்.”

டிங்! மூன்று ஐம்பது.

ஓட்டம். ஒரு சைக்கிள்காரன் திட்டினான். பூமாரியின் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் கியூவையே காணோம். ஜன்னலின் ஒரு கதவு சாத்தியிருந்தது. இன்னொரு கதவும் மூடிக்கொண்டிருந்தது.

பூமாரி செருப்பை இடுக்கில் நீட்டினாள். கதவு நின்றது.

“யாரது?” உள்ளேயிருந்து இந்தியில் குரல் வந்தது. கிளார்க் அக்தர் பானு எட்டிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

சொர்ணம் காகிதத்தைக் கொடுத்தாள்.

“உனக்கும் அப்பா இல்லையா?” என்று சலிப்போடு கேட்டார் அவர். “காலையிலிருந்து அதே லெட்டரைப் படித்துப் படித்து எனக்கே அழுகை வருகிறது.”

“எங்கள் அப்பா இருக்கிறார்!” என்றாள் பூமாரி சுத்தமான பம்பாய் இந்தியில்.

அக்தர் பானு படிக்கத் தொடங்கினார். ஒரு வரி. இரண்டு வரி. புருவம் உயர்ந்தது. மூக்கைப் பிடிக்கப்போகிறாரோ என்று சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அந்தப் பாட்டில்களை அம்மா என்ன செய்தார்?”

“என் தலையில் உடைக்க வந்தார்,” என்றாள் சொர்ணம்.

அக்தர் பானு சிரித்துவிட்டார். டப்பென்று முத்திரை விழுந்தது.

திங்கட்கிழமை பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வெயிலுமுத்து வேலைக்குப் போகாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பூமாரி கடைசியிலிருந்து தேடினாள். இல்லை. நடுவில் தேடினாள். இல்லை. மேலிருந்து ஐந்தாவது வரியில் அவள் விரல் நின்றது.

“இங்க பாருங்கப்பா! ‘சொர்ணம் வெயிலுமுத்து’ன்னு போட்டிருக்கு!”

“எம்பேருமா?”

“பம்பாய்ல அப்பா பேரையும் சேத்துத்தானே எழுதுவாங்க!”

வெயிலுமுத்து தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, ஆள் இருக்கிறேன் என்று ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி, பலமாக இருமினார்.