வெயில் பக்கத்து ஜன்னல்

இன்னும் அரை நிமிடம் முன்னால் வந்திருந்தால் ஆட்டோ தண்டவாளத்தைத் தாண்டியிருக்கும். இப்போது கேட் அவர்கள் கண்முன்னே இறங்கி நின்றது.

ஆட்டோ ஓட்டிய அழகுபாண்டி ஹாரனை அடித்துப் பார்த்தார். கேட் என்ன, ஹாரனுக்கு விலகிப் போகிற மாடா?

"எந்த வண்டிக்குச் சாத்தியிருக்காங்க?" என்று கேட்டார் பின்சீட்டில் இருந்த பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி தாத்தா.

"அதே வண்டிதான், மாமா."

தாத்தா மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிக்கொண்டார். அருகில் உட்கார்ந்திருந்த அழகுபாண்டியின் மகள் தமிழ்வாணி தலையை நீட்டித் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

தாத்தா பார்க்கக் கிளம்பிய ஹாலாஸ்யம் அந்த ரயிலில்தான் போகிறார். திருமங்கலத்தில் வண்டி இரண்டே நிமிடம் நிற்கும். கேட் திறந்தபின் பறந்தாலும் பிடிக்க முடியாது. நாளை அவர் மகளோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறார்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் தாத்தாவும் அவர் நண்பர் காளையும் எதிரியிடம் பிடிபட்டு ஒரு கொட்டடியில் கிடந்தார்கள். உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் நம் விமானங்களே குண்டு போட வந்தன. காளை பனியனைக் கழற்றி, ஒரு குச்சியில் கட்டி, கூரை ஓட்டை வழியாக ஆட்டினார். முன்னால் வந்த விமானம் இறக்கைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டிவிட்டு, குண்டு போடாமல் திரும்பியது. அதை ஓட்டியவர் ஹாலாஸ்யம் என்பது போன மாதம்தான் தெரிந்தது. காளை அதற்கு முன்பே, சித்திரையில் இறந்துவிட்டார்.

"போன்ல சொல்லிருங்க தாத்தா."

"பேச வந்தா தொண்டை அடைக்குதுத்தா. நேர்ல கையப் பிடிச்சாப் போதும்னு இருந்தேன்."

தூரத்தில் ரயில் கூவியது. தாத்தா கைத்தடியோடு சட்டென்று இறங்கி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உதறினார். தமிழ்வாணியும் இறங்கி அவர் கையைப் பிடித்தாள்.

"சிவப்பு வேணாம் தாத்தா. வண்டி நின்னுபோகும். அப்புறம் நாம போலீஸ் ஸ்டேஷன்லதான் நிக்கணும்."

"பின்ன என்ன செய்ய?"

அவள் துணிப்பையைப் பார்த்தாள். அதில் காளை அன்று ஆட்டிய அதே பனியன் இருந்தது.

"அன்னைக்கும் அவரு போய்க்கிட்டுத்தான இருந்தாரு? நீங்க கீழதான நின்னீங்க? தடியக் குடுங்க."

பனியனைக் கைத்தடியில் கட்டியபடியே அப்பாவின் போனில் ஹாலாஸ்யத்தைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"தாத்தா, நான் தமிழ்வாணி. கேட்டுல மாட்டிக்கிட்டோம். உங்க மேல வெயில் அடிக்குதா?"

"இல்லம்மா. நிழல்ல சௌக்கியமா இருக்கேன்."

தண்டவாளத்தைப் பார்த்து நின்ற தமிழ்வாணியின் முதுகில் வெயில் சுட்டது. அப்படியென்றால் அவர் ரயிலின் எதிர்ப்பக்கம் இருக்கிறார்.

"எந்திரிச்சு வெயில் பக்கத்து ஜன்னலுக்கு வாங்க. சீக்கிரம்."

போன் கட்டாகிவிட்டது. தரை அதிர்ந்தது. இன்ஜின் கடந்தது. தாத்தா கேட்டுக்கு இப்பால் நின்று தடியைத் தூக்கி ஆட்டினார். ஒரு பெட்டி, இரண்டு, ஐந்து. ஜன்னல்களில் யார் யாரோ. ஆறாவது பெட்டியிலும் யாரும் கை காட்டவில்லை. தாத்தாவின் தடி தாழ்ந்தது. தமிழ்வாணியும் தடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது பெட்டி.

ஒரு ஜன்னலில் நரைத்த தலை. வெளியே நீண்ட ஒரு கை. விரித்த உள்ளங்கை இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது.

ரயில் போய்விட்டது. கேட் ஏறியது. பின்னாலிருந்த வண்டிகள் கத்தின. அழகுபாண்டி ஆட்டோவை எடுக்கவில்லை.

போன் அடித்தது.

"கண்ணுச்சாமி, பனியன் தெரிஞ்சுது. இன்னுமா அதைத் தோய்க்கலை?"

தாத்தா தடியிலிருந்த பனியனைப் பார்த்துச் சிரித்தார். தொண்டை திறந்துகொண்டது.

"ரெண்டு பேரும் உங்களப் பாத்துட்டோம், சார்."